புளிப்பும் புற்றும்: உணவுக்குழாயைச் சுடும் அமிலம் எது?

பாரிஸில் உடலியங்கியல் அறிஞர் கிளாட் பெர்னாரின் ஆய்வுக்கூடத்துக்கு ஒருநாள் சந்தையிலிருந்து சில முயல்கள் வந்து சேர்ந்தன. மேசைமேல் விட்டதும் அவை சிறுநீர் கழித்தன. அது தெளிவாக, அமிலத்தன்மையோடு இருந்ததைக் கண்டு பெர்னார் வியந்தார். புல் தின்னும் பிராணியின் சிறுநீர் கலங்கலாக, காரத்தன்மையோடு இருக்கும். தெளிந்த அமிலச் சிறுநீர் ஊன் தின்னும் பிராணிகளுடையது. இந்த முயல்கள் வெகுநேரம் இரையில்லாமல் கிடந்திருக்க வேண்டும், தம் உடம்புச் சதையையே எரித்து உயிர் தரித்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். புல் போட்டார். சில மணி நேரத்தில் சிறுநீர் கலங்கிக் காரத்தன்மைக்கு மாறியது. மீண்டும் பட்டினி போட்டார், அமிலம் திரும்பியது. வேகவைத்த மாட்டிறைச்சியைத் தின்னக் கொடுத்தார், அப்போதும் அமிலம்தான். 1865இல் வெளியான தம் நூலில் இந்தச் சோதனையை அவர் விரிவாக எழுதிவைத்திருக்கிறார்.

இன்று ‘அமிலம் உண்டாக்கும் உணவு’, ‘ஆல்கலைன் டயட்’ என்றெல்லாம் பேசப்படுவதற்கு வேர் இந்த முயல்களிடம் இருக்கிறது. உணவு நாக்கில் புளிக்கிறதா என்பதைப் பற்றிய பேச்சு அல்ல இது. உடலுக்குள் அந்த உணவு செரித்து எரிந்தபின் எது மிஞ்சுகிறது என்பதே கேள்வி. இறைச்சி, மீன், முட்டை, பாலாடைக்கட்டி ஆகியவற்றின் புரதத்தில் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் உண்டு. அவை எரியும்போது கந்தக அமிலம் உருவாகிறது. பாஸ்பரஸும் அமிலத்தின் பக்கமே சேரும். பழங்களிலும் கீரைகளிலும் பொட்டாசியம் சிட்ரேட் போன்ற உப்புகள் நிறைய. அவை எரிந்து பைகார்பனேட் ஆகின்றன. அது அமிலத்தைத் தணிக்கும். அதனால்தான் பல் கூசும் அளவுக்குப் புளிக்கும் எலுமிச்சைச் சாறு உடலுக்குள் போனபின் காரத்தின் பக்கம் சாய்கிறது.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் தாமஸ் ரேமர், ஃப்ரீட்ரிஷ் மான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் இதற்கு ஒரு கணக்கே போட்டுக் கொடுத்தார்கள். ஓர் உணவில் உள்ள புரதம், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் ஆகிய ஐந்தின் அளவு தெரிந்தால், அந்த உணவு சிறுநீரகத்தின்மேல் ஏற்றும் அமிலச்சுமையைக் கணித்துவிடலாம். 100 கிராமுக்குப் பார்மேசான் பாலாடைக்கட்டி 34.2 மதிப்பெண் பெறுகிறது. கோழி இறைச்சிக்கு 8.7, முட்டைக்கு 8.2, பாலுக்கு 0.7. எதிர்ப்பக்கத்தில் பசலைக்கீரை மைனஸ் 14, உலர்திராட்சை மைனஸ் 21, வாழைப்பழம் மைனஸ் 5.5, எலுமிச்சைச் சாறு மைனஸ் 2.5.

இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இறைச்சிதான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுவார்கள். தானியங்களையும் பார்க்க வேண்டும். தீட்டாத பழுப்பரிசிக்கு அதே பட்டியலில் 12.5. உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்லும் அந்த அரிசி கோழிக்கறியைவிட மேலே நிற்கிறது. ரொட்டி, பாஸ்தா எல்லாமே அமிலத்தின் பக்கம்தான். இறைச்சியே தொடாத ஒருவர் மூன்று வேளையும் தானியத்தை மட்டுமே தின்று காய்கனியை ஒதுக்கினாலும் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

கணக்கு நல்ல கணக்கு. அதன்மேல் எழுப்பப்பட்ட கதையில்தான் கோளாறு. அமில உணவு இரத்தத்தை அமிலமாக்கும், அமில இரத்தத்தில் புற்றுநோய் வளரும், ஆகவே காரத்தன்மையுள்ள உணவும் ‘ஆல்கலைன்’ தண்ணீரும் புற்றுநோயைத் தடுக்கும் என்று அந்தக் கதை போகிறது. இரத்தத்தின் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் நடுவே இறுக்கிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சற்று அமிலம் கூடினால் நுரையீரல் கரியமில வாயுவைக் கூடுதலாக வெளியேற்றும். சிறுநீரகம் மிச்ச அமிலத்தை அம்மோனியத்தோடு சேர்த்துச் சிறுநீரில் தள்ளிவிடும். சாப்பாட்டால் மாறுவது சிறுநீர்தான். பெர்னார் முயல்களிடம் பார்த்ததும் அதைத்தான். ஆல்கலைன் தண்ணீர் குடித்தவருடைய சிறுநீரில் தோய்த்த சோதனைத்தாள் நிறம் மாறினால், அவருடைய சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

இந்தக் கதைக்கு ஓட்டோ வார்பர்க்கின் பெயரும் சாட்சிக்கு இழுக்கப்படுகிறது. புற்றுநோய் காரத்தில் பிழைக்காது என்று கண்டுபிடித்ததற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறு. 1931இல் அவருக்குப் பரிசு கிடைத்தது, செல்கள் சுவாசிக்க உதவும் நொதியின் தன்மையைக் கண்டறிந்ததற்காக. புற்றுச் செல்கள் சர்க்கரையை வேறுவிதமாக எரித்து லாக்டிக் அமிலத்தைத் தள்ளுகின்றன என்பதையும் அவர் 1920களில் கண்டார், உண்மைதான். கட்டி தன்னைச் சுற்றி அமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. தட்டில் விழும் சோறோ கறியோ அதை உண்டாக்குவதில்லை.

அமெரிக்காவில் இந்தக் கொள்கையைப் பரப்பிப் புத்தகம் விற்ற ராபர்ட் யங், மருத்துவ உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்த குற்றத்துக்காக 2016இல் கலிபோர்னியாவில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவருடைய நோயாளிகளில் சிலர் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு நரம்பு வழியாகச் சமையல் சோடா கரைசல் ஏற்றப்பட்டது. சிகிச்சைக்கான பொன்னான மாதங்கள் அப்படிக் கைநழுவிப் போவதுதான் இதில் மிகக் கொடுமையான பகுதி.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தானிஸ் ஃபெண்டனும் அவருடைய சகாவும் அமில உணவு, ஆல்கலைன் தண்ணீர், புற்றுநோய் மூன்றையும் இணைக்கும் ஆய்வுகளை 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளுக்குள் சலித்துத் தேடினார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. அவர்கள் வகுத்த தகுதிகளுக்கு உட்பட்டுத் தேறியது ஒரே ஓர் ஆய்வு. அதுவும் சிறுநீர்ப்பைப் புற்றைப் பற்றியது; அதில் தொடர்பு எதுவும் தென்படவில்லை.

அதற்குப்பின் ஆய்வுகள் கூடியிருக்கின்றன. தென் அமெரிக்காவின் உருகுவேயில் ஆல்வாரோ ரோங்கோவும் சகாக்களும் நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு, மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் முதலிய புற்றுகளில் அமிலச்சுமை மதிப்பெண் கூடியவர்களிடையே நோயும் கூடுதலாக இருப்பதாகக் கண்டார்கள். உணவுக்குழாய்ப் புற்றையும் இதே கணக்கோடு பொருத்திப் பார்க்கும் முயற்சி இந்த வழியில் வந்ததுதான். இவை ஒதுக்கித் தள்ளத்தக்கவை அல்ல. ஆனால் உருகுவே எப்படிப்பட்ட நாடு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உலகிலேயே தலைக்கு மிக அதிகமாக மாட்டிறைச்சி உண்ணும் நாடுகளில் அது ஒன்று. ‘மாத்தே’ என்னும் மூலிகைத் தேநீரை உலோகக் குழல் வழியாகச் சுடச்சுட உறிஞ்சும் நாடு. இறைச்சி, சூடு, புகையிலை, மது எல்லாம் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கும்போது எதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. தொண்டைக்குக் கீழே அடைப்போடு வரும் நோயாளி ஏற்கெனவே சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருப்பார். பல ஆண்டுகளுக்கு முன் வாரத்தில் எத்தனை நாள் கறி தின்றீர்கள் என்று அவரிடம் கேட்டால் வரும் பதிலின்மேல் எவ்வளவு பாரத்தை ஏற்ற முடியும்?

இனி உணவுக்குழாய்க்கே வருவோம். தொண்டையிலிருந்து இரைப்பை வரை இறங்கும் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய் அது. உட்சுவரில் தட்டையான செல்கள் அடுக்கடுக்காகப் படர்ந்திருக்கும். இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாங்க இரைப்பைக்குக் கெட்டியான சளிப்போர்வை உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தப் போர்வை இல்லை. அடிமுனையில் சுருக்குப்பையின் வாய்போல இறுகி நிற்கும் தசை வளையமே அதற்குக் காவல். அந்த வளையம் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அதைத்தான் நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, புளித்த ஏப்பம் என்கிறோம்.

ஆண்டுக்கணக்கில் அமிலமும் பித்தநீரும் மேலேறிச் சுட்டால் சிலருக்கு அந்தத் தட்டைச் செல்கள் அழிந்து, அவற்றின் இடத்தில் குடலின் செல்களை ஒத்தவை முளைக்கின்றன. 1950இல் இந்த நிலையை விவரித்த லண்டன் அறுவைச் சிகிச்சை நிபுணர் நார்மன் பாரெட்டின் பெயரால் இது ‘பாரெட் உணவுக்குழாய்’ எனப்படுகிறது. பாரெட்டே முதலில் இதை மேலே இழுபட்டுவந்த இரைப்பை என்றுதான் கருதினார். மற்றவர்கள் மறுத்துக் காட்டியபின் 1957இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இந்த மாறிய செல்களிலிருந்து ‘அடினோ கார்சினோமா’ என்ற சுரப்பிப் புற்று வரக்கூடும்.

எவ்வளவு பேருக்கு வரும்? டென்மார்க்கில் பாரெட் நிலை கண்டறியப்பட்ட 11,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியானது. ஆண்டுக்கு 0.12 சதவீதம் பேருக்கே புற்றாக மாறியது. அதாவது ஆயிரத்தில் ஏறக்குறைய ஒருவர். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவு தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஆதாரம். நெடுங்காலம் அலட்சியமாக விடலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. சுவீடனில் 1999இல் வெளியான ஆய்வு, அடிக்கடி எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு இந்தப் புற்றின் அபாயம் மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடுமையான எதுக்களிப்போடு வாழ்ந்தவர்களுக்கு அது நாற்பது மடங்கையும் தாண்டியது. அமெரிக்காவில் 1975க்கும் 2001க்கும் இடையே இந்த வகைப் புற்று ஏறக்குறைய ஆறு மடங்கு பெருகியது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இரைப்பையை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளுவது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று.

ஆக, அமிலத்துக்கும் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் உண்மையான உறவு உண்டு. ஆனால் அந்த அமிலம் இரைப்பையிலிருந்து மேலேறி வருவது. சிறுநீரகம் கணக்கெடுக்கும் அமிலம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் விபரீதத்தைச் சாப்பாட்டுத் தட்டிலேயே பார்க்கலாம். தக்காளி, ஆரஞ்சு, எலுமிச்சை மூன்றும் ரேமர் பட்டியலில் காரத்தின் பக்கம் இருப்பவை. எதுக்களிப்பால் புண்பட்ட உணவுக்குழாய் உள்ளவருக்கோ இவையே சுரீரென்று எரிச்சலைக் கிளப்பும். முட்டை அமிலத்தின் பக்கம் இருப்பது. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பட்டியலில் இன்னும் சில வரிகளைப் படித்தால் தேநீருக்கு மைனஸ் 0.3, காபிக்கு மைனஸ் 1.4, சிவப்பு ஒயினுக்கு மைனஸ் 2.4 என்று இருக்கும். மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் ஒயின், பாலைவிட நல்லது என்றாகிவிடும். ஆனால் மது உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணம் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட உண்மை.

மேலை நாடுகளில் பெருகிய சுரப்பிப் புற்றைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினோம். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் உணவுக்குழாய்ப் புற்றில் பத்தில் எட்டுக்கு மேல் இன்னொரு வகை: தட்டைச் செல்களிலேயே தோன்றும் ‘ஸ்குவாமஸ்’ புற்று. இந்தியாவிலும் அதுதான் பெரும்பான்மை. 2022இல் உலகில் ஏறக்குறைய 5,11,000 பேருக்குப் புதிதாக உணவுக்குழாய்ப் புற்று வந்தது; 4,45,000 பேர் இறந்தார்கள். வருபவர்களின் எண்ணிக்கையும் இறப்பவர்களின் எண்ணிக்கையும் இவ்வளவு நெருங்கி நிற்பதே இந்த நோயின் கொடுமையைச் சொல்லும்.

இந்த ஸ்குவாமஸ் புற்றுக்கு என்றே ஆசியாவில் ஒரு பட்டை இருக்கிறது. வடக்கு ஈரானில் காஸ்பியன் கடலோரத்தில் தொடங்கி மத்திய ஆசியா வழியாக வட சீனா வரை நீள்வது. ஈரானின் கொலெஸ்தான் மாகாணத்தில் 2004 முதல் 2008 வரை ஐம்பதாயிரம் பேரைச் சேர்த்து ஒரு நெடுங்கால ஆய்வு தொடங்கினார்கள். அங்கே ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் கறுப்புத் தேநீர் குடிக்கிறார். எவ்வளவு சூடாகக் குடிப்பீர்கள் என்று வாயால் கேட்டால் எல்லாரும் ‘சூடாகத்தான்’ என்பார்கள். அதனால் ஆய்வாளர்கள் வேறு வழி செய்தார்கள். வந்தவர் முன்னால் இரண்டு கோப்பைகளில் புதிதாகத் தேநீர் ஊற்றினார்கள். ஒன்றில் வெப்பமானி. அது 75 டிகிரி காட்டும்போது மற்றக் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடிக்கச் சொன்னார்கள்: ‘வழக்கமாக இந்தச் சூட்டில்தான் குடிப்பீர்களா?’ இல்லை என்றால் 70 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருந்து மறுபடி ஒரு வாய். பிறகு 65. இப்படி 48,000க்கும் மேற்பட்டவர்களுடைய சூட்டை அளந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 டிகிரியிலோ அதற்கு மேலோ குடிப்பவர்கள்.

அதே பகுதியில் புற்று வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. வெதுவெதுப்பாகக் குடிப்பவர்களோடு ஒப்பிட, சூடாகக் குடிப்பவர்களுக்கு அபாயம் இரண்டு மடங்கு. மிகச் சூடாகக் குடிப்பவர்களுக்கு எட்டு மடங்கு. ஊற்றிய இரண்டு நிமிடத்துக்குள் குடிப்பவர்களுக்கு, நான்கு நிமிடமோ அதற்கு மேலோ ஆறவிடுபவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்களை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை’ என்ற வரிசையில் சேர்த்தது. மாத்தேயை ஆறவைத்துக் குடித்தால் அந்த வரிசையில் அது இல்லை. இலையைவிடச் சூட்டின்மேல்தான் குற்றம். டபராவில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் நம் வழக்கம் இந்த இடத்தில் பாராட்டத்தக்கது. தேநீர்க்கடை வாசலில் கண்ணாடி டம்ளரை ஆவி பறக்கக் கையில் வாங்கி இரண்டே மடக்கில் இறக்கும் வழக்கம் அப்படி அல்ல.

கொலெஸ்தானின் ஏழைத் துர்க்மேன் வீடுகளில் பழைய காலத்து உணவு ரொட்டியும் தேநீரும்தான். பழமும் காயும் அரிது. சீனாவின் லின்சியன் வட்டாரத்திலும் மலைக்கிராமங்களில் தானியமும் ஊறவைத்துப் புளித்த, பூஞ்சை படிந்த காயும்தான் குளிர்காலம் முழுக்க. அங்கே மிச்சம் மீதியைத் தின்று வளர்ந்த கோழிகளுக்கும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்று வந்ததை 1970களில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1986 முதல் ஐந்தாண்டுகள் 29,584 பேருக்குச் சத்து மாத்திரைகள் கொடுத்து நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின், வைட்டமின் இ, செலினியம் மூன்றும் சேர்த்துப் பெற்றவர்களிடையே புற்றுநோய் மரணங்கள் 13 சதவீதம் குறைந்தன. உணவுக்குழாய்ப் புற்றில் மட்டும் அந்தக் குறைவு உறுதியாகத் தெரியவில்லை. ஆனாலும் சத்துக்குறைவுக்கும் இந்த நோய்ப்பட்டைக்கும் உள்ள உறவு அன்றிலிருந்து தீவிரமாகப் பேசப்படுகிறது.

முன்னால் சொன்ன பழுப்பரிசிச் செய்தி இங்கேதான் தேவைப்படுகிறது. இந்த ஊர்களில் ஒருவருடைய அமிலச்சுமையைக் கணக்கிட்டால் மதிப்பெண் ஏறித்தான் இருக்கும். அதற்குக் காரணம் மலைமலையாக இறைச்சி தின்றது இல்லை, காய்கனியே இல்லாதது. அமிலச்சுமை என்ற எண் பெரும்பாலும் ஒருவருடைய தட்டில் கீரையும் காயும் பழமும் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் அடையாளம். உருகுவேயில் அது இறைச்சி மிகுதியையும் சேர்த்துக் காட்டுகிறது. நோய்க்கும் அந்த எண்ணுக்கும் உறவு தென்படுவதில் வியப்பில்லை. காய்கனிகளில் இருக்கும் ஃபோலேட், வைட்டமின் சி, நார்ச்சத்து ஆகியவை இல்லாமல் போவதும், பதப்படுத்திய இறைச்சியின் நைட்ரோசமைன்களும், அமிலத்தின் பெயரைச் சொல்லாமலே இந்த உறவைப் பெரிதும் விளக்கிவிடும்.

காரத்தன்மைதான் காப்பு என்பவர்கள் இந்தியாவின் இரண்டு ஓரங்களைப் பார்க்க வேண்டும். நாட்டில் உணவுக்குழாய்ப் புற்று மிகுந்த இடங்கள் காஷ்மீர் பள்ளத்தாக்கும் வடகிழக்கு மாநிலங்களும். காஷ்மீரில் நாள் முழுக்கக் குடிக்கும் ‘நூன் சாய்’ உப்புத் தேநீர். பச்சைத் தேயிலையைச் சமையல் சோடா போட்டு வெகுநேரம் கொதிக்கவிட்டு, பாலும் உப்பும் சேர்க்க, இளஞ்சிவப்பாக வரும். சமோவாரிலிருந்து சூடாகக் கோப்பை கோப்பையாக இறங்கும். சமையல் சோடா காரத்தன்மை கொண்டது. அஸ்ஸாமில் வாழைப்பழத் தோலைக் காயவைத்து எரித்து, அந்தச் சாம்பலில் நீர் ஊற்றி வடித்தெடுப்பது ‘கோலாகார்’. இதுவும் நல்ல காரக் கரைசல், சமையலில் தாராளமாகச் சேர்வது. 2001இல் வெளியான அஸ்ஸாம் ஆய்வில் கோலாகார் சேர்த்துக்கொள்பவர்களிடம் உணவுக்குழாய்ப் புற்றின் அபாயம் கூடியே இருந்தது. கீரையும் பழமும் உண்பவர்களிடம் குறைந்திருந்தது. இந்த இரு இடங்களிலும் சூடு, புகையிலை, பாக்கு, ஹுக்கா எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. கோலாகாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமாகாது. ஆனால் காரம் குடித்தால் உணவுக்குழாய் பிழைக்கும் என்ற வாதம் இங்கே நிற்காது. குழந்தைப் பருவத்தில் தவறுதலாகக் காஸ்டிக் சோடாவைக் குடித்து உணவுக்குழாய் வெந்து தழும்பானவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தழும்பிலேயே ஸ்குவாமஸ் புற்று வருவதுண்டு என்பதும் மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்தது.

தமிழர்களைப் பொறுத்தவரை இதையெல்லாம்விட நெருக்கமான ஆபத்து வாய்க்குள்ளேயே இருக்கிறது. வெற்றிலையோடு பாக்கை மெல்லும் பழக்கம், புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணம் என்று அதே சர்வதேச முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கு குற்றமற்றது என்று நம்பும் வீடுகள் இன்னும் ஏராளம். இலங்கையில் வெற்றிலைப் பழக்கத்துக்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த கட்டுரை 1970இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை. பெட்டிக்கடைகளில் அது முழுதாக ஒழிந்தபாடில்லை. பீடி, சிகரெட்டோடு மதுவும் சேரும்போது அபாயம் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. மது உடலுக்குள் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அதுவே செல்லின் மரபுப் பொருளைச் சிதைக்கும் நஞ்சு. ஒரு கையில் சிகரெட்டும் மறு கையில் மதுவுமாக இருப்பவர் ஆல்கலைன் தண்ணீர் வாங்கச் செலவழிக்கும் பணம் வீண்.

அப்படியென்றால் அமிலம் உண்டாக்கும் உணவு என்ற பேச்சையே தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். சிறுநீரக நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு உணவின் அமிலச்சுமையைக் குறைப்பது பயன் தரும் என்று நல்ல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மற்றவர்களும் அந்தக் கணக்குக் காட்டும் திசையில் நடந்தால் கெடுதல் இல்லை: மதியச் சோற்றோடு ஒரு பொரியலுக்குப் பதில் இரண்டு, வாரத்தில் பல நாள் கீரை, மாலையில் வடைக்குப் பதில் கொய்யாவோ வாழைப்பழமோ. கறிக்குழம்பு நாட்களிலும் தட்டில் காய் இருக்கட்டும். ஆனால் சிறுநீரகம் வெகுவாகப் பழுதுபட்டவர்கள் காரத்தன்மைக்காகப் பழமும் கீரையும் அள்ளித் தின்றால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். தினமும் சமையல் சோடா கரைத்துக் குடிக்கும் வைத்தியமும் அப்படித்தான். அதிலுள்ள சோடியம் இரத்த அழுத்தக்காரர்களுக்கு எமன்.

நெஞ்செரிச்சலுக்கான வழிகள் வேறு. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களின்கீழ் கட்டை வைத்து உயர்த்துவது, இடப்பக்கம் சாய்ந்து படுப்பது இரண்டுமே பலருக்கு உதவுகின்றன. தொப்பை குறைவது எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து. ‘கேஸ்’ என்று சொல்லி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே ஐந்து, பத்து ஆண்டுகள் ஓட்டுபவர்கள் ஒருமுறையாவது எண்டோஸ்கோப்பி செய்துகொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஐம்பது வயது கடந்த, பருமனான, புகைபிடிக்கும் ஆண்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

எண்டோஸ்கோப்பிக்கு அஞ்சுபவர்களுக்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரெபேக்கா ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு எளிய கருவி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நூல் கட்டிய மாத்திரை ஒன்றை நோயாளி தண்ணீரோடு விழுங்குகிறார். நூலின் மறுமுனை செவிலியர் கையில். சில நிமிடங்களில் இரைப்பைக்குள் மாத்திரையின் மேலுறை கரைந்து, உள்ளே மடங்கியிருந்த பஞ்சு சுமார் மூன்று சென்டிமீட்டர் உருண்டையாக விரிகிறது. நூலைப் பிடித்து மெல்ல இழுத்தால், உணவுக்குழாய் நெடுகச் செல்களை வருடி எடுத்துக்கொண்டு பஞ்சு வெளியே வந்துவிடும். 2020இல் வெளியான சோதனையில், இந்தப் பஞ்சுச் சோதனைக்கு அழைக்கப்பட்ட 6,834 பேரில் 140 பேருக்குப் பாரெட் நிலை கண்டறியப்பட்டது. வழக்கமான கவனிப்பில் விடப்பட்ட 6,388 பேரில் 13 பேருக்கு மட்டுமே. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் இப்படி ஒரு சோதனை கிடைக்கும் நாள் விரைவில் வர வேண்டும்.

ஸ்குவாமஸ் புற்றின் முதல் அறிகுறி வலி இல்லை. சோறு நெஞ்சில் நிற்கிறது, இட்லியைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்க வேண்டியிருக்கிறது, கறித்துண்டு சிக்குகிறது என்பதுதான் தொடக்கம். வீட்டில் என்ன நடக்கும்? குழைந்த சோற்றுக்கு மாறுவார்கள், பிறகு கஞ்சிக்கு, பிறகு ரசத்துக்கு. வயதானால் இப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் இயல்புடையது. விழுங்குவது கடினமாகத் தொடங்கும்போது உள்வழி பெருமளவு அடைபட்டிருக்கும். பாட்டி இட்லியை விட்டுக் கஞ்சிக்கு மாறியதைக் கவனிக்கும் பேத்தி, அடுத்த மாத எடை குறைவுக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே அவரை அரசு மருத்துவமனையின் இரைப்பை குடல் பிரிவுக்கு அழைத்துப் போவதில் உயிர் காக்கும் வாய்ப்பு இருக்கிறது. அங்கே எண்டோஸ்கோப்பி பத்துப் பதினைந்து நிமிட வேலை. சந்தேகமான இடத்திலிருந்து கிள்ளி எடுக்கும் சிறு சதைத்துண்டின் சோதனை முடிவு சில நாட்களில் வந்துவிடும்.